வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்புகள்: எதிலிருந்து தொடங்குவது, எது இன்னும் நிற்கிறது?

#1 · தலைஞாயிறு

சட்டக் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் நீதியரசர் கிருஷ்ணய்யர். இரண்டு மணி நேரம் இருக்கிறது. அவர் பெயரை எடுத்தாலே "ஏழைகளின் நீதிபதி" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தப் புகழுரை வேண்டாம். முதலில் எந்தத் தீர்ப்பை மாணவர் கையில் கொடுக்கலாம்? எவை இன்றைக்கும் செல்லும், எவை பின்னால் வந்த பெரிய அமர்வுகளில் அடிபட்டுப் போயின? வாழ்க்கை வரலாற்றில் தீர்ப்பைப் புரிந்துகொள்ள உண்மையிலேயே உதவும் பகுதி எது? தேதியும் எண்ணும் சேர்த்துச் சொன்னால் உபயோகமாக இருக்கும்.

#2 · கல்பாத்திக்கரை

வாழ்க்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தேவையானதை மட்டும்.

1915 நவம்பர் 15, பாலக்காடு பக்கம் வைத்தியநாதபுரம். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம். அப்பா ராமய்யர் கொயிலாண்டியில் வக்கீல். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, மதராஸ் சட்டக் கல்லூரியில் பட்டம் வாங்கி, முப்பதுகளின் கடைசியில் தலச்சேரியில் தொழிலுக்கு வந்தார். விவசாயிகளுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் ஆஜரானதால், 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று பிடித்து ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள்.

1952-ல் கூத்துபறம்பு தொகுதியிலிருந்து சுயேச்சையாக மதராஸ் சட்டமன்றத்துக்கு வந்தார். ராஜாஜி முதலமைச்சராக இருந்த அதே சபை. 1957-ல் தலச்சேரியில் ஜெயித்து, கேரளத்தின் முதல் அமைச்சரவையில், இ.எம்.எஸ். தலைமையில், சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், பாசனம் என்று பல இலாகாக்களைப் பார்த்தார். 1959 ஜூலை 31-ல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. ஆகஸ்டிலேயே திரும்ப வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார். 1965-ல் சுயேச்சையாக நின்று தோற்றார். 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971 முதல் 1973 வரை சட்ட ஆணைய உறுப்பினர், 1973 ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம். 65 வயது நிறைவதற்கு முந்தின நாள், 1980 நவம்பர் 14-ல் ஓய்வு. ஏழு வருஷம் நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

இதில் மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிறையில் கைதியாக இருந்தவர், பிறகு அதே சிறைத்துறைக்கு அமைச்சராக இருந்தவர், அதற்கும் பிறகு நீதிபதியாக சிறை வழக்குகளைக் கேட்டவர். சிறைக் கண்காணிப்பாளர் எழுதும் அறிக்கை எப்படித் தயாராகிறது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய சிறைத் தீர்ப்புகளில் வரும் உத்தரவுகள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

நியமன நேரத்தையும் கவனிக்கணும். 1973 ஏப்ரல் 24-ல், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு. இரண்டாம் நாள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதி. அந்தச் சூட்டோடு, இடதுசாரி அமைச்சரவையில் இருந்தவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்ததும் வக்கீல்கள் மத்தியில் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் சோலி சொராப்ஜியும் ஒருவர். அந்த எதிர்ப்புக்காகப் பின்னாளில் அவரே வருத்தம் தெரிவித்தார்.

#3 · ஜாமீன்மனு

என் ஓட்டு மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசுக்கு. 1978 ஆகஸ்ட் 24, (1978) 4 எஸ்.சி.சி. 47 (எஸ்.சி.சி. என்பது "சுப்ரீம் கோர்ட் கேசஸ்" என்ற தீர்ப்புத் தொகுப்பு). சின்னத் தீர்ப்பு, ஒரே உட்காரலில் படித்துவிடலாம். கீழ்க்கோர்ட்டில் தினமும் நடக்கிற விஷயம் என்பதால் மாணவருக்கு உடனே பிடிபடும்.

மனுதாரர் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. "தலைமை நீதித்துறை நடுவர் திருப்திப்படும்படி" என்று உத்தரவில் எழுதியிருந்ததால் தொகையை நிர்ணயிப்பது கீழே போனது. அங்கே 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். 1978-ல் ஒரு கொத்தனார் அதற்கு எங்கே போவார்? அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். ஆக, நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் விடச் சொன்ன ஆள் உள்ளேயே கிடந்தார்.

கிருஷ்ணய்யர் செய்தது: 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விடு. அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வியை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். ஒரு தமிழரோ மலையாளியோ கன்னடரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பகல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்கிறார். வெளியூர் ஜாமீன்தாரர் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்றும் கேட்கிறார்.

சட்டப்படி அதில் வருவது மூன்று. "பெயில்" என்ற சொல்லுக்குள் ஜாமீன்தாரர் இல்லாத சொந்தப் பிணையும் அடங்கும். தொகை ஆளின் வசதியைப் பார்த்து இருக்க வேண்டும். வெளி மாவட்டத்துக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது. மூன்றும் இன்றும் செல்லும்.

#4 · ஹெட்நோட்

ஜாமீன்மனு சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணய்யர் பெயரில் மனுக்களில் தப்பாக ஓட்டப்படும் மேற்கோள்கள் ஏராளம்.

"பெயில்தான் விதி, ஜெயில் விதிவிலக்கு" என்பதற்கு மூலம் ராஜஸ்தான் அரசு எதிர் பால்சந்த், 1977 செப்டம்பர் 20, (1977) 4 எஸ்.சி.சி. 308. அங்கே வாசகம் அப்படியே கிடையாது. "ஜெயில் அல்ல, பெயில்" என்று சொல்லிவிட்டு, உடனேயே விதிவிலக்குகளையும் அடுக்குகிறார்: தப்பி ஓடும் சாத்தியம், நீதியின் போக்கைத் தடுப்பது, குற்றத்தைத் திரும்பச் செய்வது, சாட்சிகளை மிரட்டுவது. பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துப் போட்டால் அரசு வக்கீல் எழுந்து மீதியை வாசித்துவிடுவார். அந்தக் கோட்பாட்டை விரித்துச் சொன்ன உத்தரவு வேண்டுமென்றால் குடிகண்டி நரசிம்முலு, (1978) 1 எஸ்.சி.சி. 240. ஜாமீன் கொடுக்கும்போது நீதிபதி என்னென்னவற்றை எடை போட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

விசாரணைக் கைதிகள் பற்றிய ஹுசைனாரா காதூன் தீர்ப்பு கிருஷ்ணய்யருடையது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நீதிபதி பகவதி எழுதியது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்ற ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பின் அமர்வில் கிருஷ்ணய்யர் இருந்தாரா என்றும் கேட்பார்கள். இல்லை. ராய், கன்னா, பெக், சந்திரசூட், பகவதி, இந்த ஐவர்தான். மாறுபட்டவர் கன்னா ஒருவர்.

#5 · வடக்குவீதி

எல்லாம் சரி. 1975-ஐ யாரும் தொடவில்லையே? அலகாபாத் தீர்ப்புக்கு ஸ்டே கொடுத்து இந்திரா காந்தியைப் பதவியில் உட்காரவைத்தவர் இவர்தானே. அந்த ஒரு உத்தரவு இல்லையென்றால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டு ஜாமீனையும் ஜெயிலையும் பேசினால் வரலாறு பாதிதான்.

#6 · தேர்தல்மனு

வடக்குவீதி சார், அந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். (1975) 2 எஸ்.சி.சி. 159.

ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் ரேபரேலி தேர்தலைச் செல்லாது என்றார். இரண்டு காரணம். அரசு ஊழியராக இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது ஒன்று. உத்தரப் பிரதேச அதிகாரிகளைக் கொண்டு பொதுக்கூட்ட மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் ஏற்பாடு செய்தது மற்றொன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7)-ன் கீழ் இது ஊழல் நடவடிக்கை. ஆறு வருஷத் தகுதியிழப்பு. மேல்முறையீட்டுக்காக உயர் நீதிமன்றமே தன் தீர்ப்பை 20 நாள் நிறுத்திவைத்தது.

உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் கோகலே போனில் பேசி நேரில் பார்க்க வேண்டும் என்றதாகவும், விஷயம் இதுவென்றால் பார்க்க வேண்டியதில்லை, மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டதாகவும் கிருஷ்ணய்யரே பின்னர் சொல்லியிருக்கிறார். ஜூன் 23-ல் வாதம்: இந்திரா காந்திக்கு பல்கிவாலா, எதிர்த் தரப்புக்கு சாந்தி பூஷண். மறுநாள் உத்தரவு.

பல்கிவாலா கேட்டது நிபந்தனையில்லாத முழு ஸ்டே. கிடைக்கவில்லை. கிடைத்தது இது: எம்.பி.யாகச் சபைக்குப் போகலாம், பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். நடவடிக்கையில் பங்கெடுக்கக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, எம்.பி. சம்பளம் வாங்கக் கூடாது. பிரதமர் என்ற முறையில் உள்ள உரிமை தனி. அரசியல் சாசனத்தின் 88-ஆம் உறுப்புப்படி எந்த அமைச்சரும் இரு அவையிலும் பேசலாம், அது தொடரும், ஆனால் அங்கும் ஓட்டு இல்லை. கோடை விடுமுறை முடிந்து அமர்வு கூடியதும் இதை மாற்றக் கேட்டு இரு தரப்பும் வரலாம் என்றும் வழி விட்டிருக்கிறார்.

தேர்தல் மேல்முறையீடுகளில் உச்ச நீதிமன்றம் வழக்கமாகக் கொடுத்துவந்த நிபந்தனை ஸ்டே இது. மற்ற எம்.பி.க்களுக்குக் கொடுப்பதைத்தான் பிரதமருக்கும் கொடுத்தார். அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. அந்தச் சமநிலையை அவர் காத்தது பெரிய காரியம் என்பேன்.

#7 · வடக்குவீதி

உத்தரவைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். வழக்கமான ஸ்டே என்றே வைத்துக்கொள்வோம். ஊழல் நடவடிக்கை நிரூபணமானவர், ஓட்டுரிமை இல்லாத எம்.பி., நாட்டின் பிரதமராகத் தொடரலாம் என்பது வழக்கமான நிலைமையா? நிலைமை வழக்கத்துக்கு மாறாக இருக்கும்போது வழக்கமான உத்தரவு போதுமா? அரசியல் சாசனத்தின் 75(5)-ன்படி எம்.பி.யாக இல்லாதவரே ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம். ஸ்டே முழுக்க மறுத்திருந்தாலும் நிர்வாகம் நின்றுவிடாது.

#8 · தேர்தல்மனு

நியாயமான கேள்வி. அதற்கு நேர்ப் பதில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஏ பிரிவு. ஸ்டே மறுத்தால் தேர்தல் செல்லாமல் போவதோடு, ஆறு வருஷத் தகுதியிழப்பும் உடனே அமலாகும் நிலை. அப்புறம் அப்பீலில் ஜெயித்தாலும் இழந்ததைத் திருப்பித் தர முடியாது. இடைக்கால உத்தரவில் நீதிபதி பார்க்க வேண்டியதில் இதுவும் ஒன்று. அதே சமயம் முழு ஸ்டே கொடுத்தால் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு மதிப்பே இல்லை. இரண்டுக்கும் நடுவில் சட்டம் விட்டிருந்த இடம் அதுதான்.

சட்டம் கடுமையாக இருந்தால் அதை மாற்ற வேண்டியது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றத்துக்கு அது சட்டம்தான் என்ற பொருளில் அந்த உத்தரவிலேயே ஒரு வரி எழுதினார். ஆட்சியாளர்கள் அதைத் தங்களுக்குச் சாதகமாகப் பிடித்துக்கொண்டார்கள். 25-ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை. பிறகு தேர்தல் சட்டத்தையே பின்தேதியிட்டுத் திருத்தினார்கள், பிரதமர் தேர்தல் வழக்கை நீதிமன்றம் தொடாதபடி அரசியல் சாசனத்தின் 39-ஆவது திருத்தமும் வந்தது. நவம்பர் 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருத்தப்பட்ட சட்டத்தின்படி அவர் தேர்தலை உறுதிசெய்து, 39-ஆவது திருத்தத்தின் 4-ஆம் கூறை அடித்தது. அந்த ஐவரில் கிருஷ்ணய்யர் இல்லை.

நெருக்கடி நிலையின் பழியை ஜூன் 24 உத்தரவின் மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. முழு ஸ்டே மறுக்கப்பட்டதுதானே அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது?

#9 · கல்பாத்திக்கரை

இந்த இடத்தில் ஒரு குடும்பச் செய்தி பொருந்தும். 1977 அக்டோபரில் இந்திரா காந்தியைக் கைது செய்த சி.பி.ஐ. அதிகாரி வி.ஆர். லட்சுமிநாராயணன், கிருஷ்ணய்யரின் தம்பி. பின்னாளில் தமிழ்நாட்டு டி.ஜி.பி.யாக இருந்தவர். அண்ணன் நிபந்தனை போட்டார், தம்பி கைது செய்தார்.

#10 · மத்தியச்சிறை

சிறைத் தீர்ப்புகளுக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

சுனில் பத்ரா முதல் தீர்ப்பு, 1978 ஆகஸ்ட் 30, ஐந்து நீதிபதிகள். திகாரில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரைத் தனிமையில் வைத்திருந்தார்கள். சிறை நிர்வாகம் காட்டியது 1894 சிறைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு: "மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதியை" மற்றவரிடமிருந்து பிரித்து வைக்கலாம். நீதிமன்றம் சொன்னது: அப்பீல், கருணை மனு எல்லாம் முடிந்து, தண்டனை இனி மாறாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அந்தப் பிரிவு பொருந்தும். அதுவரை அவர் மற்ற கைதிகளைப் போலத்தான். அமர்வு நீதிமன்றம் தூக்கு என்றதுமே தனிக் கொட்டடியில் போட்டு, அப்பீல் முடிய வருஷக்கணக்கில் ஆகும் காலம் முழுக்க அங்கேயே வைத்திருந்த பழக்கத்துக்கு அதோடு சட்ட ஆதாரம் போயிற்று. அதே வழக்கில் சார்லஸ் சோப்ராஜின் கால் விலங்கும் வந்தது. விலங்கு போடுவதானால் காரணம் எழுத வேண்டும், கைதிக்குச் சொல்ல வேண்டும், இரவும் பகலும் மாட்டியே வைக்கக்கூடாது.

இரண்டாவது தீர்ப்பு 1979 டிசம்பர் 20, (1980) 3 எஸ்.சி.சி. 488. அதே பத்ரா, வேறொரு கைதியைத் தலைமை வார்டர் பணத்துக்காகச் சித்திரவதை செய்ததை ஒரு நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். வக்காலத்து, பிரமாணப் பத்திரம், கோர்ட் ஸ்டாம்ப் எதுவும் இல்லை. அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்ற நண்பர்களாக இரண்டு வக்கீல்களை நியமித்து, அவர்களைச் சிறைக்குள் அனுப்பிக் காயத்தைப் பார்க்கச் சொன்னார்கள்.

உத்தரவுப் பகுதியில் மாணவர்கள் பார்க்க வேண்டியவை: மாவட்ட நீதிபதியும் நடுவரும் சிறைக்கு நேரில் வந்து புகார் கேட்க வேண்டும், புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், அது மாவட்ட நடுவர், அமர்வு நீதிபதி ஆகியோரின் உத்தரவின்படி பராமரிக்கப்பட்டு அடிக்கடி திறக்கப்பட வேண்டும், தனிமை, உணவைக் குறைத்தல், தொலைதூரச் சிறைக்கு மாற்றல் போன்ற தண்டனைகளுக்கு அமர்வு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும், அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெட்டி வைக்கச் சொல்ல யாராலும் முடியும். அது யார் பொறுப்பில் என்று யோசித்ததில்தான் சிறைத்துறையைத் தெரிந்த மனிதர் தெரிகிறார்.

அதே வரிசையில் ஹோஸ்காட், 1978 ஆகஸ்ட் 17, (1978) 3 எஸ்.சி.சி. 544. போலிப் பல்கலைக்கழகச் சான்றிதழ் வழக்கில் தண்டனை பெற்ற ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து நாலு வருஷத்துக்கு மேல் கழித்துச் சிறப்பு அனுமதி மனு போட்டார். தாமதத்துக்குக் காரணம், தீர்ப்பின் நகல் தன் கைக்கு வரவில்லை என்பது. சிறைக்கு நகல் போனது. கைதியிடம் கொடுத்ததற்குக் கையெழுத்து இல்லை. மனுவை கிருஷ்ணய்யர் தள்ளுபடி செய்துவிட்டார். ஆனால் விதியை எழுதி வைத்தார்: நகல் இலவசமாகத் தர வேண்டும், கொடுத்ததற்குக் கைதியிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும், அப்பீல் போடச் சிறை நிர்வாகம் வசதி செய்ய வேண்டும், வக்கீல் வைக்க முடியாதவருக்கு நீதிமன்றம் வக்கீல் தர வேண்டும், அவருக்கான கட்டணம் அரசின் பொறுப்பு. இப்போது சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வரும் சிறை அப்பீல்களின் அடித்தளம் இதுவே.

#11 · ஹெட்நோட்

மத்தியச்சிறை சொன்னவற்றோடு கைவிலங்கையும் சேர்க்கலாம். பிரேம் சங்கர் சுக்லா, 1980 ஏப்ரல் 29. திகாரிலிருந்து வந்த ஒரு தந்தியில் தொடங்கிய வழக்கு. வசதியான கைதிக்கு விலங்கு வேண்டாம், சாதாரண வகுப்புக் கைதிக்கு விலங்கு என்றிருந்த பஞ்சாப் போலீஸ் விதியை அடித்தார்கள். விலங்கு போட்டே ஆக வேண்டுமென்றால் காவல் அதிகாரி காரணத்தை அப்போதே எழுதி, நீதிமன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3), சில கடும் குற்றங்களுக்கும் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவருக்கும் விலங்கு போட அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆக சுக்லாவை மட்டும் காட்டி வாதாட முடியாது. குற்றத்தின் தன்மையைப் பார்த்துப் போடலாம் என்று சட்டம் சொல்கிறதே ஒழிய, காரணமே இல்லாமல் போடலாம் என்று சொல்லவில்லை என்று இரண்டையும் சேர்த்துத்தான் வாதாட வேண்டும்.

#12 · சங்கக்கொடி

தொழிலாளர் பக்கம்: பெங்களூர் குடிநீர் வாரியம், 1978 பிப்ரவரி 21, ஏழு நீதிபதிகள், (1978) 2 எஸ்.சி.சி. 213. "தொழில்" என்றால் என்ன என்பதற்கு அவர் கொடுத்த மூன்று அளவுகோல்: முறையாகத் தொடரும் செயல்பாடு, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செய்வது, மனிதத் தேவைக்கான பொருளையோ சேவையையோ உண்டாக்குவது அல்லது வழங்குவது. லாப நோக்கம் இருக்கிறதா என்பது கணக்கில்லை. மருத்துவமனை, பல்கலைக்கழகம், தர்ம ஸ்தாபனம் எல்லாம் உள்ளே வந்தன. வெளியே நின்றது அரசின் இறையாண்மைப் பணிகள். ஒரு துறையில் பலவகை வேலை இருந்தால் எது மேலோங்கியது என்று பார்க்க வேண்டும்.

நடைமுறையில் அதன் பலன் பெரியது. ஆஸ்பத்திரி வார்டு உதவியாளர், கல்லூரி ஆய்வக ஊழியர் போன்றவர்கள் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. இதே தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வரையறையைப் புதிதாக எழுதி, தர்மப் பணி நிறுவனங்களை வெளியே வைத்தது. எனவே பழைய சட்டத்தின் கீழ் எழுந்த தாவாவா, புதிய தொகுப்பின் கீழ் வருவதா என்று தேதி பார்க்காமல் இதை எடுத்து வீசக்கூடாது.

#13 · ஹெட்நோட்

#1-ல் கேட்ட "அடிபட்டவை" பட்டியலுக்கு என் பங்கு.

ராஜேந்திர பிரசாத், (1979) 3 எஸ்.சி.சி. 646. குற்றம் எவ்வளவு கொடூரம் என்பது போதாது, அந்த ஆள் திருந்தவே முடியாத அளவுக்குச் சமூகத்துக்கு ஆபத்தானவரா என்று பார்த்தே தூக்கு என்றார். தேசாய் உடன்பட்டார், ஏ.பி. சென் மாறுபட்டார். ஐந்து நீதிபதிகள் தீர்ப்பான ஜக்மோகன் சிங்குக்கு இது முரண் என்று கேள்வி எழுந்து, 1980 மே 9-ல் பச்சன் சிங் இதைப் புரட்டியது. "அரிதினும் அரிதான" என்ற அளவுகோல் அங்கிருந்து வருவது. ஆனாலும் குற்றத்தோடு குற்றவாளியின் வயது, பின்னணி, திருந்தும் வாய்ப்பையும் பார் என்ற பகுதி பச்சன் சிங்கிலும் பிழைத்திருக்கிறது. அதன் வேர் கிருஷ்ணய்யரின் எடிகா அனம்மா, (1974) 4 எஸ்.சி.சி. 443.

இரண்டாவது, கர்நாடக அரசு எதிர் ரங்கநாத ரெட்டி, 1977. தனியார் பேருந்துகளைக் கையகப்படுத்திய சட்டம் செல்லும் என்பதில் ஏழு பேருக்கும் கருத்து ஒன்று. அரசியல் சாசனத்தின் 39(பி)-யில் உள்ள "சமூகத்தின் பொருள் வளங்கள்" என்பதில் தனியார் சொத்தும் சேரும் என்பதை கிருஷ்ணய்யர் தனியாக எழுதினார். அவரோடு பகவதியும் ஜஸ்வந்த் சிங்கும். மற்ற நால்வர் அந்தப் பகுதியோடு தங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு சஞ்ஜீவ் கோக் வழக்கில் ஐவர் அமர்வு அந்தச் சிறுபான்மைக் கருத்தையே பிடித்துக்கொண்டது. 2024 நவம்பர் 5-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, எல்லாத் தனியார் சொத்தும் அதில் வராது என்று தீர்த்தது. கிருஷ்ணய்யரின் அணுகுமுறை மேல் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய விமர்சனத்தை நீதிபதிகள் நாகரத்னாவும் துலியாவும் தங்கள் தீர்ப்புகளில் வெளிப்படையாக ஆட்சேபித்தார்கள். எல்லாத் தனியார் சொத்தும் என்பது அளவுக்கு மிஞ்சிய வாசிப்பு, அந்த அளவில் 2024 தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 1977-ன் நாட்டை 2024-ன் கண்ணாடியில் பார்த்து ஒரு நீதிபதியை எடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

#14 · வடக்குவீதி

அவர் ஆங்கிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதலாண்டு மாணவர் ஒரு பத்தியைத் தாண்ட மாட்டார். தலைஞாயிறு அதற்கும் வழி யோசிக்கணும்.

#15 · ஹெட்நோட்

வழி இருக்கிறது. அவர் தீர்ப்பைத் தலையிலிருந்து படிக்க வேண்டாம். கடைசி மூன்று நாலு பத்திகளில் உத்தரவு இருக்கும்; அதை முதலில் படித்து, யாருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்து சம்பவம். பிறகு எந்தச் சட்டப் பிரிவுக்கு என்ன பொருள் கொடுத்தார் என்று பென்சிலால் கோடு. நடுவில் வரும் இலக்கிய, தத்துவ, வெளிநாட்டு மேற்கோள்களை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். ரத்லாம் நகராட்சி, (1980) 4 எஸ்.சி.சி. 162, இப்படிப் படிக்க நல்ல பயிற்சி. சாக்கடையும் கழிப்பிடமும் கேட்டுக் குடிமக்கள், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவின் கீழ் போட்ட மனு. காசில்லை என்று நகராட்சி சொன்னதை ஏற்கவில்லை. ஆறு மாதத்துக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் பொதுக் கழிப்பிடம், தண்ணீர், காலை மாலை துப்புரவு என்று எண்ணிக் கொடுத்த உத்தரவு. அந்தப் பத்திகளில் ஆங்கிலம் எளிது.

மூலத்துக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பில் எஸ்.சி.ஆர். (நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வத் தீர்ப்பு வெளியீடு) பக்கங்கள் இலவசம். எஸ்.சி.சி. எண்ணை வைத்துத் தேடினால் அங்கே கிடைக்காது. கட்சிக்காரர் பெயரும் தீர்ப்புத் தேதியும் கொடுங்கள்.

#16 · தலைஞாயிறு

அனைவருக்கும் நன்றி. மோத்தி ராம், ஹோஸ்காட், பத்ரா இரண்டாவது, 1975 உத்தரவு என்று நாலை எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: மோத்தி ராம் 1978-ல் சொல்லிவிட்டது. இன்றும் ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராமல் கிடப்பது ஏன்? மாணவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

#17 · ஜாமீன்மனு

உத்தரவுக்கும் விடுதலைக்கும் நடுவில் இருக்கும் காகிதங்களில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் வழக்கமாக வரும் நிபந்தனையைப் பாருங்கள்: இரண்டு ஜாமீன்தாரர், ஒவ்வொருவரும் அதே தொகைக்கு, பல உத்தரவுகளில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் வரும். பிணைப் பத்திரத்தில் புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல். வெளிமாநிலத்துக் கட்டட வேலைக்காரருக்கு ரத்த சொந்தம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வாடகை வீட்டுக்காரர் ஜாமீன் நிற்க வந்தால் வீட்டு வரி ரசீது கேட்பார்கள். ஒரே ஆள் பல வழக்கில் ஜாமீன் நிற்கிறாரா என்று பார்ப்பது நியாயம்தான், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 486-ஆம் பிரிவே அந்த உறுதிமொழியைக் கேட்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் எல்லோரையும் தள்ளினால் ஏழைதான் மாட்டுகிறார்.

செய்ய வேண்டியது வரிசையாக. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொள்கை பற்றிய தானே எடுத்த வழக்கில் கொடுத்த வழிகாட்டுதலை நகலெடுத்துக் கோப்பில் வையுங்கள். ஜாமீன் உத்தரவை அன்றைக்கே அல்லது மறுநாள் மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்பிக் கைதிக்குச் சேர்க்க வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பதே தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

மனுவில் அதே சன்ஹிதாவின் மூன்று பிரிவு சேருங்கள். 484: தொகை அளவுக்கு மீறி இருக்கக்கூடாது, உயர் நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் குறைக்கலாம். 478-ன் விளக்கம்: ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்தில் பிணை தர முடியாதவரை வசதியற்றவர் என்று கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும். 479: விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்திருந்தால், முதல் குற்றமென்றால் மூன்றில் ஒரு பங்கு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது, நிறைய மனுக்கள் திரும்பி வருவது இதனால்தான். முதலில் சிறையிலிருந்து காவல் நாள் சான்றிதழ் வாங்கி, நாட்களை எண்ணிவிட்டு மனு போடுங்கள். மோத்தி ராமை அதன் பிறகு, ஜாமீன்தாரர் வெளியூர்க்காரர் என்று ஆட்சேபணை வரும் இடத்தில் காட்டினால் போதும். பத்தி எண்ணோடு காட்டுங்கள்.